'உலகின் முதல்' ஸ்ட்ராட்டஜி ஆர்.பி.ஜி எது? ஜப்பானிய கேம்கள் பற்றி இணையம் சொல்லும் தப்புக் கணக்கு!

போனை எடுத்து, 'உலகின் முதல் ஸ்ட்ராட்டஜி ஆர்.பி.ஜி கேம் எது?' என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். 'ஃபயர் எம்ப்ளம், 1990, நின்டெண்டோ.' பத்து கட்டுரைகளைத் திறந்தால் பத்திலும் இதே வரி இருக்கும். பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், அப்போ சரியாகத்தான் இருக்கும் என்று நகர்ந்துவிடுவோம்.

அந்தப் பத்துப் பேரில் எத்தனை பேர் சொந்தமாகத் தேடினார்கள், எத்தனை பேர் முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. ஜப்பானுக்கு வெளியே பெரிதாக வராத பழைய ஸ்ட்ராட்டஜி கேம்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் ரொம்பவே அதிகம். மொழி தெரியாது, கேம் கையில் கிடைக்காது, கட்டுரையோ இன்று மாலைக்குள் வேண்டும். விளைவு, ஒரு தப்பு இருபது வருடம் உயிரோடு இருக்கிறது.

'கேம் விஷயம்தானே, இதுல என்ன பெரிய நஷ்டம்?' என்று தோன்றலாம். நஷ்டம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன், சில உதாரணங்கள்.

முதலில், இது என்ன வகை கேம்?

சதுரங்கம் ஆடத் தெரியும்தானே? அதே மாதிரி கட்டம் போட்ட களம். ஒரு முறை நீங்கள், அடுத்த முறை எதிரி. ஆனால் இங்கே ஒவ்வொரு காய்க்கும் பெயர் இருக்கும், முகம் இருக்கும், கதை இருக்கும். சண்டை போடப் போட அந்த வீரரின் பலம் கூடும். ஃபயர் எம்ப்ளத்தில் ஒரு வீரர் செத்துவிட்டால் செத்ததுதான், அடுத்த சுற்றில் திரும்ப வரமாட்டார். அதனால்தான் ஒரு சாதாரண வில்லாளியைக் காப்பாற்ற மூன்று மணி நேரம் யோசிக்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதை 'டாக்டிகல் ஆர்.பி.ஜி' அல்லது 'ஸ்ட்ராட்டஜி ஆர்.பி.ஜி' என்கிறார்கள். ஜப்பானில் இதற்குப் பெயர் 'சிமுலேஷன் ஆர்.பி.ஜி'. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும். ஆனால் தப்பு ஆரம்பிக்கிற முதல் இடமே இதுதான். ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு ஜப்பானியப் பக்கங்களில் இருக்கும் பாதி வரலாறு கண்ணிலேயே படாது.

'முதல்' கேம் ஃபயர் எம்ப்ளமா?

ஃபயர் எம்ப்ளத்தின் முதல் கேம் 1990 ஏப்ரல் 20 அன்று ஃபாமிகாமுக்கு வந்தது. இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் தயாரிப்பு, வடிவமைப்பாளர் ஷோசோ காகா. இதில் சந்தேகமே இல்லை. இந்த வகையை மக்களிடம் கொண்டு சேர்த்தது, இதன் இலக்கணத்தை எழுதியது என்ற பெருமையும் அதற்கு உண்டு.

ஆனால் அதற்கு ஏழு வருடம் முன்பே, 1983-ல், ஷார்ப் எக்ஸ்1 என்ற கம்ப்யூட்டரில் 'பொகோசுகா வார்ஸ்' வந்துவிட்டது. கோஜி சுமி உருவாக்கியது. ஒரு ராஜா தன் படையோடு எதிரி கோட்டையை நோக்கிப் போக வேண்டும். சண்டை போடும் வீரர்களின் பலம் கூடும், சாதாரணச் சிப்பாய் பதவி உயர்வு பெறுவார். 1985-ல் இது ஃபாமிகாமுக்கும் வந்தது.

அடுத்து 1988. குரே சாஃப்ட்வேர் கோபோ என்ற நிறுவனம் பிசி-8801 கம்ப்யூட்டருக்கு 'சில்வர் கோஸ்ட்' கேமை வெளியிட்டது. பின்னாளில் செகாவில் புகழ்பெற்ற 'ஷைனிங் ஃபோர்ஸ்' கேமை உருவாக்கிய ஹிரோயுகி தகஹாஷி, தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று சொன்னது சில்வர் கோஸ்ட்டைத்தான். ஆனால் பல கட்டுரைகள் ஷைனிங் ஃபோர்ஸை 'ஃபயர் எம்ப்ளத்தைப் பார்த்து எடுத்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடும்.

அப்போ 'முதல்' எது? பொகோசுகா வார்ஸ் ஆளுக்கு ஒரு முறை என்று ஆடும் கேம் அல்ல. மொத்தப் படையும் சேர்ந்து நகரும். 'முறை வைத்து ஆடினால்தான் இந்த வகை' என்பவர் அதைச் சேர்க்கமாட்டார். 'படையும் வேண்டும், வீரர்களின் வளர்ச்சியும் வேண்டும், அது போதும்' என்பவர் சேர்த்துக்கொள்வார். அதாவது, விடை வரையறையைப் பொறுத்தது. நேர்மையான கட்டுரை அந்த வரையறையைச் சொல்லிவிட்டு விடையைச் சொல்லும். அவசரக் கட்டுரை 'உலகின் முதல்' என்று தலைப்பு போட்டுவிட்டுப் போய்விடும்.

யார் யாரைக் காப்பி அடித்தது?

இதைவிடப் பெரிய அநியாயம் நடந்தது 'டாக்டிக்ஸ் ஓகர்' என்ற கேமுக்கு.

யசுமி மட்சுனோ என்ற இயக்குநர், குவெஸ்ட் என்ற சிறிய நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கிய கேம் இது. 1995 அக்டோபரில் ஜப்பானில் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்தது. பிறகு மட்சுனோ தன் சகாக்கள் சிலருடன் ஸ்கொயர் நிறுவனத்துக்குப் போனார். அங்கே 1997 ஜூனில் 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ்' வந்தது. அதே இயக்குநர், அதே இசையமைப்பாளர்கள் ஹிதோஷி சகிமோட்டோவும் மசஹாரு இவாடாவும்.

ட்விஸ்ட் அமெரிக்காவில் நடந்தது. அங்கே ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் 1998 ஜனவரியில் முதலில் வந்துவிட்டது. டாக்டிக்ஸ் ஓகரின் பிளேஸ்டேஷன் பதிப்பு அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் கடைக்கு வந்தது. அமெரிக்கத் தேதிகளை மட்டும் பார்த்தவருக்கு அண்ணன் தம்பியாகிவிட்டார். மூன்று வருடப் பழைய கேமின் கிராபிக்ஸைப் பார்த்துவிட்டு, 'ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸ் மாதிரியே இருக்கு, ஆனா அந்த அளவுக்கு இல்லை' என்ற பேச்சு பரவியது. முன்னோடியைப் போலி என்று சொன்ன கதை!

ஒரு தேதியைச் சரிபார்க்காததால் வந்த வினை இது. சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

எண்ணும் பெயரும் செய்த குழப்பம்

ஜப்பானியத் தொடர்கள் வெளிநாட்டுக்குப் போகும்போது எண்ணும் பெயரும் மாறிவிடும். ஃபைனல் ஃபேன்டஸியின் நான்காவது கேம் அமெரிக்காவில் '2' என்ற எண்ணோடு வந்தது, ஆறாவது கேம் '3' என்று வந்தது. இது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதவை நிறைய.

1991-ல் மெகா டிரைவில் வந்த 'லாங்ரிசர்' ஜப்பானில் பெரிய தொடரின் முதல் பாகம். அமெரிக்காவில் அது 'வார்சாங்' என்ற பெயரில் வந்தது. கதாநாயகன் லெடின், கேரட் ஆகிவிட்டார். அடுத்தடுத்த பாகங்கள் அங்கே போகவே இல்லை. எனவே பல வருடங்களுக்கு வார்சாங் என்பது தொடர்ச்சி இல்லாத, தனித்து நின்ற ஒரு கேமாகவே பலருக்குத் தெரிந்தது. 2020-ல் லாங்ரிசர் 1, 2 ஆகியவற்றின் ரீமேக் ஆங்கிலத்தில் வந்தபோது, 'புதுசா இருக்கே' என்றவர்களில் சிலர் சின்ன வயதில் வார்சாங் ஆடியவர்களாகவே இருந்திருக்கலாம்.

ஃபயர் எம்ப்ளத்துக்கும் இதே கதை. 2003-ல் முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போன கேமின் பெயர் வெறும் 'ஃபயர் எம்ப்ளம்'. பார்த்தால் முதல் பாகம் மாதிரி இருக்கும். உண்மையில் அது தொடரின் ஏழாவது கேம், அதுவும் ஆறாவது கேமுக்கு முன்கதை. அந்த ஆறாவது கேமின் நாயகன் ராய். அவர் தன் சொந்த கேம் வெளியாவதற்கு முன்பே, 2001-ல் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ'யில் சண்டை போட வந்துவிட்டார். அவருடைய கேமோ 2002-ல் ஜப்பானில் மட்டுமே வெளியானது.

1990-ல் வந்த அசல் முதல் பாகம் ஆங்கிலத்தில் அதிகாரபூர்வமாகக் கிடைத்தது 2020 டிசம்பரில். முப்பது வருடம் கழித்து! அதுவும் 2021 மார்ச் 31 வரைதான் விற்பனை. அதன்பிறகு ஸ்விட்ச் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மூன்றில் ஒரு பங்கைப் பார்த்து முழுத் தீர்ப்பு

1997 டிசம்பரில் செகா சாட்டர்னுக்கு 'ஷைனிங் ஃபோர்ஸ் 3' வந்தது. இது ஒரே டிஸ்க்கில் முடியும் கதை அல்ல, மூன்று தனித்தனி வெளியீடுகள். ஒரே போரை முதலாவதில் குடியரசுத் தரப்பிலிருந்து சின்பியோஸ், இரண்டாவதில் பேரரசுத் தரப்பிலிருந்து மெடியன் என்று இரு பக்கமும் நின்று பார்க்கலாம். மூன்றாவது இரண்டையும் ஜூலியன் வழியாக இணைக்கும். ஒன்றில் நீங்கள் எடுத்த முடிவு அடுத்ததில் எதிரொலிக்கும்.

மேற்கு நாடுகளுக்குப் போனது முதல் பகுதி மட்டுமே. சாட்டர்ன் அங்கே வியாபாரத்தில் படுத்துவிட்டது. ஆக, அங்கே இருந்த விமர்சகர் கையில் இருந்தது ஒரு நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கு. அதை வைத்துக் 'கதை பாதியில் நிற்கிறது' என்று எழுதினால் அது கேமின் குறையா, கையில் கிடைக்காததன் குறையா? மீதி இரண்டு பகுதிகளையும் பின்னர் ரசிகர்களே சம்பளம் இல்லாமல் மொழிபெயர்த்தார்கள்.

ஜெயித்தது யார்? அரைகுறையாகச் சொல்லப்படும் வழக்கு

ஃபயர் எம்ப்ளத்தை உருவாக்கிய காகா, 1990-களின் கடைசியில் இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸிலிருந்து விலகி, சொந்தமாக ஒரு கேம் செய்தார். முதலில் வைத்த பெயர் 'எம்ப்ளம் சாகா'. பிறகு 'டியர் ரிங் சாகா' என்று மாறி, 2001-ல் போட்டி கன்சோலான பிளேஸ்டேஷனுக்கு வந்தது. நின்டெண்டோ தரப்பு, வெளியீட்டாளரான என்டர்பிரைன் மீது வழக்குப் போட்டது.

இந்த வழக்கைப் பற்றி இரண்டு விதமான கதை சுற்றுகிறது. 'நின்டெண்டோ தோற்றது' என்பது ஒன்று. 'காப்புரிமை மீறலுக்காக நின்டெண்டோ ஜெயித்தது' என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மை.

2002-ல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் நின்டெண்டோவின் கோரிக்கையை ஏற்கவில்லை. மேல்முறையீட்டில், 2004-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம் காப்புரிமை மீறல் இல்லை என்றே சொன்னது. ஆனால், ஃபயர் எம்ப்ளத்தோடு தொடர்புடையது என்று வாங்குபவர்கள் நினைக்கும்படி விளம்பரம் செய்தது முறையற்ற போட்டி என்று கருதி, சுமார் 7 கோடியே 60 லட்சம் யென் கட்டச் சொன்னது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் இதில் தலையிடவில்லை.

இந்த வித்தியாசம் முக்கியம். ஒரு கேமின் ஆட்டமுறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்விக்கு நீதிமன்றம் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. ஒருவேளை சொல்லியிருந்தால், இந்த வகையில் கேம் செய்யும் எல்லோருக்கும் சிக்கல். 'நின்டெண்டோ ஜெயித்தது' என்ற ஒற்றை வரியைப் படிக்கும் இளம் கேம் டெவலப்பர், தப்பான பாடத்தை எடுத்துக்கொண்டு போவார்.

ஒரு தப்பு எப்படி 'உண்மை' ஆகிறது?

இதில் கெட்ட எண்ணம் பெரும்பாலும் இருக்காது. நடப்பது இதுதான்.

ஒருவர் நினைவிலிருந்து ஒரு வரி எழுதுகிறார். இன்னொருவர் அதைப் பட்டியல் கட்டுரையில் சேர்க்கிறார். ஆன்லைன் கலைக்களஞ்சியத்தில் யாரோ அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். அடுத்து எழுதுபவர் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுதுகிறார். இப்போது ஆதாரம் வட்டமாகச் சுற்றுகிறது. தொடங்கிய இடத்தில் எதுவுமே இல்லை.

மொழிபெயர்ப்பு இதற்கு எண்ணெய் ஊற்றும். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'-ல் ஒரு பிரபலமான அடி 'ஷோர்யூகென்'. அதன் எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்ததால், ஆங்கில வசனத்தில் 'ஷெங் லாங்' என்று ஓர் ஆள் இருப்பதுபோல ஆகிவிட்டது. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க கேம் இதழ், அந்த ரகசிய ஆளைப் பிடிப்பது எப்படி என்று ஏப்ரல் ஃபூல் கட்டுரை போட்டது. மற்ற நாட்டு இதழ்கள் அதை நிஜம் என்று நம்பி எடுத்துப் போட்டன. இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது.

'ஜப்பான்னாலே அப்படித்தான்' என்ற நினைப்பும் ஒரு காரணம். டிராகன் குவெஸ்ட் கேம்களை வேலை நாளில் வெளியிடக்கூடாது என்று ஜப்பானில் சட்டமே இருப்பதாகப் பல பட்டியல்களில் படித்திருப்பீர்கள். 1988 பிப்ரவரி 10, ஒரு புதன்கிழமை, மூன்றாம் பாகம் வந்தது. பள்ளியை 'கட்' அடித்துவிட்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள் என்பது செய்தி. அதற்குப் பிறகு விடுமுறை நாட்களில் வெளியிட்டது நிறுவனம் எடுத்த முடிவு. அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஆனால் 'சட்டம்' என்று எழுதினால்தானே சுவாரஸ்யம்!

இப்போது இதில் ஏ.ஐ-யும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூலையில் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ரசிகர்கள் ஒரு விளையாட்டு காட்டினார்கள். கேமில் இல்லவே இல்லாத 'குளோர்போ' என்ற ஒன்று வரப்போவதாக ரெடிட்டில் எல்லோரும் சேர்ந்து கொண்டாடினார்கள். ரெடிட் பதிவுகளை உறிஞ்சிக் கட்டுரை தயாரித்த ஒரு தளம், குளோர்போ பற்றி ஆர்வமாகக் கட்டுரையே வெளியிட்டுவிட்டது. கோடிக்கணக்கானோர் அறிந்த கேமுக்கே இந்த நிலை என்றால், 1988-ல் ஜப்பானில் மட்டும் வந்த கேமைப் பற்றி இயந்திரம் தப்பாக எழுதினால் யார் கண்டுபிடிப்பார்கள்?

சரி, இதனால் யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் உருவாக்கியவர்களுக்கு. சுமியின் பெயரோ, சில்வர் கோஸ்ட் செய்த சிறிய நிறுவனத்தின் பெயரோ வரலாற்றில் வராமல் போவதற்கு ஒரே காரணம், அவர்களுக்குப் பெரிய விளம்பர பட்ஜெட் இல்லாததுதான்.

இரண்டாவது, பாதுகாப்பு. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை. ஜப்பானில் மட்டும் வந்த கம்ப்யூட்டர் கேம்களோ, கேசட்டிலும் ஃப்ளாப்பியிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. டோக்கியோவில் இயங்கும் கேம் பிரிசர்வேஷன் சொசைட்டி போன்ற அமைப்புகள் அவற்றைக் காப்பாற்றப் போராடுகின்றன. எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதை முடிவு செய்வதே, எது முக்கியம் என்று எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான். எழுதப்படாத கேமுக்காக யாரும் நிதி திரட்டமாட்டார்கள்.

1997-ல் நின்டெண்டோவின் சாட்டிலைட் சேவையில் ஒளிபரப்பான 'பிஎஸ் ஃபயர் எம்ப்ளம்' இதற்கு நல்ல உதாரணம். கேமோடு சேர்ந்து வந்த குரல் நடிப்பு நேரலையில் ஒலிபரப்பானது, கேம் கேட்ரிட்ஜில் சேமிக்கப்படவில்லை. அன்று வீட்டில் யாராவது பதிவு செய்திருந்தால் மட்டுமே அது மிச்சம்.

மூன்றாவது நஷ்டம் உங்களுக்கு. 'டாக்டிக்ஸ் ஓகர்: ரீபார்ன்' 2022-ல் வந்தது. ஃபைனல் ஃபேன்டஸி டாக்டிக்ஸின் புதிய பதிப்பு 2025-ல் வந்தது. எதை வாங்கலாம், எங்கே ஆரம்பிக்கலாம் என்று தேடி, காசு கொடுத்து வாங்கப்போவது நீங்கள்தான். வரிசையே தப்பாக இருக்கும் பட்டியலை நம்பினால், ஏழாவது பாகத்தை முதல் பாகம் என்று நினைத்து உட்காருவீர்கள்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

*எந்த நாட்டுத் தேதி?* வருடம் மட்டும் இருந்து நாடு இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஜப்பான் தேதியும் அமெரிக்கத் தேதியும் பத்து வருடம்கூட வித்தியாசப்படலாம்.

*'முதல்', 'ஒரே', 'தடை' போன்ற சொற்கள்.* இவை வந்தால், எந்த வரையறையில், எந்த ஆதாரத்தில் என்று கட்டுரை சொல்கிறதா பாருங்கள்.

*ஆதாரம் எங்கே போய் நிற்கிறது?* லிங்க்கை இரண்டு முறை சொடுக்கிப் பாருங்கள். உருவாக்கியவரின் பேட்டியிலோ, பழைய இதழிலோ, நீதிமன்றத் தீர்ப்பிலோ போய் நின்றால் நல்லது. இன்னொரு பட்டியல் கட்டுரையில் நின்றால் அது வட்டம்.

*பெயரை ஜப்பானிய எழுத்தில் தேடுங்கள்.* போனில் மொழிபெயர்ப்பு வசதி இருக்கிறது. ஃபயர் எம்ப்ளத்தின் ஒரே இளவரசியை ரசிகர்கள் 'ஷீடா' என்றும், அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு 'கேடா' என்றும் அழைக்கின்றன. ஆங்கில எழுத்தில் தேடினால் ஒருவரே இரண்டு பேராகத் தெரிவார். கட்டகானா எழுத்தில் தேடினால் ஒருவர்தான்.

*எழுதியவர் ஆடியிருக்கிறாரா?* ஆடாமல் எழுதுவது குற்றம் அல்ல. ஆனால் ஆடிய மாதிரி எழுதுவது வாசகரை ஏமாற்றுவது.

இந்தத் தப்புகளைத் திருத்தியவர்களில் பலர் ரசிகர்கள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவர்கள், வருடக்கணக்கில் ஒரு கேமை மொழிபெயர்த்தவர்கள். அவர்கள் செய்த வேலையைப் பார்த்துச் சரிபார்க்க, கட்டுரை எழுதுபவருக்குத் தேவை அரை மணி நேரம். அடுத்த முறை 'உலகின் முதல்' என்று ஒரு தலைப்பு உங்கள் ஸ்க்ரீனில் வரும்போது, அந்த அரை மணி நேரம் செலவிடப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.